கரிமச் சூரிய மின்கலங்களும் கடற்கரை உஷ்ணமும்

சூரிய வெளிச்சத்தையே முதலாகக் கொண்டு நடைபெறும் தொழில்களுள் பயிர்த்தொழில் தலைமையானது. கடலோரங்களில் மீனை உலர்த்திக் கருவாடு செய்யும் தொழிலையும் இதனோடு சேர்த்துச் சொல்லலாம். இவ்விரண்டும் தொன்றுதொட்டு வருபவை. அவ்வெளிச்சத்திலிருந்து நேராக மின்சாரம் எடுப்பதோ நேற்று வந்த வித்தை. 1954-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள பெல் ஆராய்ச்சிசாலையில் சேப்பின், புல்லர், பியர்சன் என்னும் மூவர், தன்மேல் விழும் ஒளிச்சக்தியில் நூற்றுக்கு 6 பங்கை மின்சாரமாக மாற்றும் சிலிக்கன் மின்கலத்தைச் செய்து காட்டினர். இக்காலத்தில் கடைகளில் விற்கும் சிலிக்கன் தகடுகள் நூற்றுக்கு 20 பங்கும் அதற்குச் சற்று மேலும் தருகின்றன. 2019-ஆம் ஆண்டில் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தின் மூலம் நமது மாநிலத்திலும் பல கிணறுகளில் இத்தகடுகளால் இயங்கும் பம்புசெட்டுகள் அமைக்கப்பட்டுள்ளன.

இந்நிலையில், கண்ணாடியும் சட்டமும் இன்றிப் பாய்போலச் சுருட்டக்கூடிய புதுவகைச் சூரியத் தகடு வருகின்றதென்றும், அது மிக மலிவாயிருக்குமென்றும் பத்திரிகைகளில் அடிக்கடி செய்தி வெளியாகிறது. பம்புசெட் வைக்க எண்ணியிருக்கும் குடியானவர்கள், “அது வரும்வரையில் பொறுத்திருக்கலாமா?” என்று கேட்கின்றனர். இக்கேள்விக்கு விடையளிக்க வேண்டுமானால், இப்புதுக் கலம் எத்தகையது, அதன் திறன் எவ்வளவு, நமது நாட்டு உஷ்ணத்தை அது எவ்வளவு காலம் தாங்கும் என்பவற்றை முறையே அறிதல் வேண்டும். இவற்றுள் கடைசியாகச் சொன்னதே முக்கியமானது.

பெயரின் பொருள்

இக்கலங்களை ஆங்கிலேயர் “ஆர்கானிக்” சூரிய மின்கலம் என்பர். இரசாயன உரமின்றிச் செய்யும் சாகுபடிக்கும் இதே சொல் வழங்குவதால், இது ஏதோ தழையிலிருந்தும் எருவிலிருந்தும் செய்யப்படுவது என்று எண்ணலாகாது. இரசாயன சாஸ்திரத்தில் கரியை அடிப்படையாகக் கொண்ட கூட்டுப்பொருள்களுக்கெல்லாம் இப்பெயருண்டு. ஆகையால் இக்கட்டுரையில் கரிமக் கலம் என்றே எழுதுவோம்.

சாதாரணமாய்க் கரிமப் பொருள்களில் மின்சாரம் பாயாது. கம்பிக்கு உறையாகப் பிளாஸ்டிக்கைப் போடுவது இதனால்தான். ஆயினும், சிலவகைப் பிளாஸ்டிக்குகளைத் தக்கவாறு பக்குவம் செய்தால் அவை மின்சாரத்தைக் கடத்தும் என்பதை 1977-ஆம் ஆண்டில் ஹீகர், மக்டயார்மிட், ஷிரகாவா என்னும் விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். இதற்காக 2000-ஆம் ஆண்டில் அம்மூவருக்கும் இரசாயனத்திற்குரிய நோபல் பரிசு அளிக்கப்பட்டது. இத்தகைய பொருள்களைத் திரவத்தில் கரைத்து, மை அச்சிடுவதுபோல மெல்லிய தாளின்மேல் பூசிக் கலம் செய்யலாம். சிலிக்கனை உருக்குவதற்கு வேண்டிய பெரிய உலைகள் இதற்கு வேண்டியதில்லை. செலவு குறையும் என்று எதிர்பார்ப்பது இதனாலேயே.

கலம் வேலை செய்யும் விதம்

சிலிக்கன்மேல் ஒளி விழுந்தால், எலெக்ட்ரான் ஒன்று தன் இடத்தைவிட்டுக் கிளம்புகிறது. அது விட்டுச் சென்ற வெற்றிடமும் ஒரு மின்னேற்றம் போலவே நகரும். இவ்விரண்டும் எளிதிற் பிரிந்து எதிரெதிர்ப் பக்கம் செல்வதால் மின்சாரம் உண்டாகிறது. கரிமப் பொருளிலோ இவை எளிதிற் பிரிவதில்லை. ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ஜோடியாக அலையும். அந்த ஜோடி சுமார் 10 நானோமீட்டர் தூரத்திற்குள் வேறொரு பொருளின் எல்லையை அடைந்தால்தான் பிரியும். இல்லாவிடில் அச்சக்தி வீணாகிவிடும். நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பகுத்ததில் ஒரு பங்கு.

ஆகவே இக்கலத்தில் இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று எலெக்ட்ரானைக் கொடுப்பது. மற்றது அதை வாங்கிக்கொள்வது. 1986-ஆம் ஆண்டில் கோடாக் கம்பெனியைச் சேர்ந்த டாங் என்பவர் இவ்விரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு படலமாக அமைத்து, நூற்றுக்கு 1 பங்கு அளவில் மின்சாரம் பெற்றார். இரு படலங்களும் சந்திக்கும் இடத்திற்கு அருகே தோன்றிய ஜோடிகள் மட்டுமே பயன்பட்டமையால் அதற்குமேல் கிடைக்கவில்லை. 1995-ஆம் ஆண்டில் ஹீகரும் அவரது தோழர்களும் இரு பொருள்களையும் நுண்மையாகக் கலந்து ஒரே படலமாக்கினர்.

வடிகால் வசதியுள்ள வயலை இதற்கு உவமையாகக் கூறலாம். வயலின் ஓரத்தில் ஒரே வாய்க்கால் இருப்பின் அதற்கு அருகிலுள்ள நீர் மட்டுமே வடியும். வயல் முழுவதும் சிறு வாய்க்கால்களை நெருக்கமாக வெட்டி, அவையெல்லாம் பெரிய வாய்க்காலில் சென்று சேருமாறு செய்தால், எல்லா இடத்து நீரும் வடிந்துவிடும். கலவைப் படலத்தில் இரு பொருள்களும் அத்தகைய சிறு வாய்க்கால்களாகப் பின்னிக் கிடக்கின்றன. அவை மிக நுண்ணியவாகவும் இடையில் அறுபடாதனவாகவும் இருத்தல் அவசியம். கலத்தின் திறனெல்லாம் இந்தப் பின்னலைப் பொறுத்ததே.

திறன் வளர்ந்த வரலாறு

முதலில் வாங்கும் பொருளாகப் பயன்பட்டது, கரி அணுக்கள் பந்துபோல் அமைந்த புல்லரின் என்பதாகும். இவ்வகைக் கலங்கள் 2005-ஆம் ஆண்டை ஒட்டி நூற்றுக்கு 5 என்ற அளவையும், அதன்பின் பத்தாண்டுகளில் 10, 11 என்ற அளவையும் எட்டின. புல்லரின் வெளிச்சத்தைக் குறைவாகவே கிரகிப்பதால் அதற்குமேல் ஏறுவது கடினமாயிற்று. 2015-ஆம் ஆண்டில் சீன விஞ்ஞானி சான் சியாவோவெய் குழுவினர், வெளிச்சத்தை நன்கு கிரகிக்கும் வேறுவகை வாங்கும் பொருளை அமைத்தனர். 2019-ஆம் ஆண்டில் சாங்ஷா நகரிலுள்ள ஸௌ யிங்பிங் அம்மையாரின் குழுவினர் “ஒய்-6” என்னும் பொருளைக்கொண்டு 15.7 பங்கு பெற்றனர். அடுத்த ஆண்டே 18 கடந்தது. அண்மையில் ஆராய்ச்சிசாலைகளில் 20 பங்கு அளவு எட்டப்பட்டுள்ளது.

இவ்வெண்களைக் கண்டு, கரிமக் கலம் சிலிக்கனுக்குச் சமமாகிவிட்டது என்று முடிவு செய்யலாகாது. இவை பெரும்பாலும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கும் குறைந்த பரப்புள்ள சிறு கலங்களில் அளந்தவை. பெரிய தகடாகப் பூசும்போது படலத்தின் கனம் எங்கும் ஒரே சீராய் அமைவது அரிது. ஆகவே திறன் குறையும். மேலும், கலத்தை 25 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் வைத்து, சதுர மீட்டருக்கு 1,000 வாட் வெளிச்சத்தில் அளப்பதே உலகெங்கும் வழக்கம். நமது கூரைகளில் நடுப்பகலில் 25 டிகிரி என்பது காண முடியாத உஷ்ணம்.

நொச்சிக்குப்பத்தில் வைத்தால் என்னாகும்?

சென்னையில் கலங்கரை விளக்கத்திற்கும் சாந்தோமுக்கும் இடையே கடலையொட்டி நொச்சிக்குப்பம் என்னும் மீனவர் குடியிருப்பு உள்ளது. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அங்கே மீன் அங்காடி ஒன்று திறக்கப்பட்டது. கூரைமேல் வைக்கும் எந்தத் தகட்டிற்கும் இத்தகைய இடத்தைவிடக் கடுமையான பரீட்சை வேண்டியதில்லை. வெயிலும், காற்றிலுள்ள ஈரமும், உப்பும் இங்கே ஒருங்கே தாக்குகின்றன. கோடையில் கடற்காற்று உரிய நேரத்தில் வீசினால் கரையோரம் சற்றுத் தணியும். மேல்காற்று வலுத்து அதைத் தடுக்கும் நாட்களில் நகரெங்கும் உஷ்ணம் ஏறிவிடும். 2003-ஆம் ஆண்டு மே மாதத்தில் சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவாயிற்று.

நல்ல வெயிலில் சூரியத் தகட்டின் உஷ்ணம் சுற்றியுள்ள காற்றைவிட 20 முதல் 30 டிகிரி வரையில் மிகுந்திருக்கும். காற்று 38 டிகிரியாயின் தகடு 60 டிகிரியைத் தாண்டுவது இயல்பே. சிலிக்கன் தகடு 25 டிகிரிக்கு மேற்பட்ட ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் நூற்றுக்கு 0.35 பங்கு திறனை இழக்கும். 65 டிகிரியில் 40 டிகிரி மிகுதி. அதாவது 100 வாட் தகடு 86 வாட்தான் கொடுக்கும். ஆயினும், மாலையில் குளிர்ந்தவுடன் பழைய திறன் திரும்பிவிடும்.

கரிமக் கலத்தின் நிலை இதற்கு மாறானது. சூடேறும்போது அப்போதைக்கு அது இழக்கும் திறன் சிலிக்கனைவிடக் குறைவு. இது ஒரு நற்குணமே. ஆனால் அந்த உஷ்ணம் உள்ளிருக்கும் கலவையையே மெதுவாகக் குலைத்துவிடுகிறது. அவ்வாறு குலைந்தது இரவு குளிர்ந்தாலும் திரும்பக் கூடுவதில்லை. சிலிக்கன் இழப்பது அன்றன்றைய வருமானத்தில் ஒரு பகுதி. கரிமக் கலம் இழப்பது முதல்.

உஷ்ணம் கலவையைக் குலைக்கும் விதம்

பூச்சிகளை ஒழிக்க மண்ணெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து தெளிக்கும் முறையைப் பழைய குடியானவர்கள் அறிவார்கள். சோப்பில்லாமல் எண்ணெயையும் தண்ணீரையும் எவ்வளவு கடைந்தாலும், சற்று நேரத்தில் எண்ணெய்த் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து மேலே மிதக்கும். அப்படித் தெளித்தால் இலை கருகிவிடும். கரிமக் கலத்திலுள்ள இரு பொருள்களும் இயற்கையில் ஒன்றோடொன்று சேர விரும்பாதவையே. பூசியவுடன் சீக்கிரம் உலர்ந்துவிடுவதால், பிரிவதற்கு அவகாசமின்றிக் கலந்த நிலையிலேயே இறுகி நிற்கின்றன.

இறுகிய பொருள் உஷ்ணத்தால் இளகும். காலையில் கல்போலிருக்கும் சாலைத்தார் நடுப்பகலில் செருப்பில் ஒட்டுகிறதன்றோ? அதுபோல, கலத்தின் உஷ்ணம் ஏற ஏற, வாங்கும் பொருளின் சிறு மூலக்கூறுகள் நகரத் தொடங்கி, தம்மினத்தோடு சேர்ந்து கட்டிகளாகின்றன. நுண்ணிய வாய்க்கால்கள் அறுபடுகின்றன. ஜோடிகள் எல்லையை அடையுமுன் அழிகின்றன. தகட்டை வெளியே பார்க்கையில் மாறுதல் ஒன்றும் தெரியாது. மின்சாரம் மட்டும் மாதந்தோறும் குறைந்து வரும்.

உஷ்ணத்தோடு வேறு மூன்று பகைகளும் சேர்கின்றன. ஒன்று, வெயிலிலுள்ள புற ஊதாக் கிரணம். கலத்தில் வழக்கமாக ஒரு படலமாய் அமைக்கப்படும் துத்தநாக ஆக்ஸைடு இக்கிரணத்தால் தூண்டப்பட்டு, அருகிலுள்ள கரிமப் பொருளைச் சிதைக்கிறது. இரண்டாவது, காற்றிலுள்ள பிராணவாயுவும் நீராவியும். மூன்றாவது, மின்சாரத்தை வெளியே எடுக்கும் உலோகப் படலம் கெடுதல். பின்னிரண்டும் கடற்கரையில் விரைந்து நடைபெறும்.

விஞ்ஞானிகள் கண்டுள்ள பரிகாரங்கள்

முதலாவது பரிகாரம், சோப்பைப்போல மூன்றாம் பொருள் ஒன்றைச் சிறிதளவு சேர்ப்பது. இரண்டோடும் ஒத்துப்போகும் பொருளாயின், அவை பிரிவதை அது தடுக்கும். சில சமயம் திறனையும் உயர்த்துகிறது.

இரண்டாவது, நகரும் சிறு மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்துச் சங்கிலியாக்குவது. தனி ஆடு மேய்ந்துகொண்டே எங்கும் செல்லும். பல ஆடுகளை ஒரே கயிற்றில் கட்டினால் அவ்வளவு எளிதில் நகர இயலாது. நீண்ட சங்கிலியாகவும், இரண்டு மூன்று மூலக்கூறுகள் சேர்ந்த குறுஞ்சங்கிலியாகவும் இப்போது செய்து வருகின்றனர். இவ்வாறு செய்தவை உஷ்ணத்தை நெடுநேரம் தாங்குகின்றன. பக்குவம் செய்வது கடினமாதலும் செலவு மிகுதலும் இதிலுள்ள குறைகள்.

மூன்றாவது, மூலக்கூறின் அமைப்பையே மாற்றி, அது இளகும் உஷ்ணத்தைத் தகடு அடையக்கூடிய உஷ்ணத்திற்கு மேலே உயர்த்துவது. நான்காவது, புற ஊதாக் கிரணத்தை வடிகட்டும் மேலுறை இடுவதும், துத்தநாக ஆக்ஸைடு கரிமப் பொருளை நேரே தொடாதவாறு இடையில் ஒரு மெல்லிய படலம் வைப்பதும். 2021-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் இம்முறையைக் கையாண்டு, பன்மடங்கு பெருக்கிய வெளிச்சத்தில் கலங்களைச் சோதித்து, அவற்றின் ஆயுள் 30 ஆண்டுக்கு மேலிருக்கும் என்று கணக்கிட்டனர். ஐந்தாவது, காற்றும் ஈரமும் புகாதவாறு கண்ணாடியாலோ தக்க உறையாலோ மூடுவது. கண்ணாடியிட்டால் பாய்போலச் சுருட்டும் வசதி போய்விடும். மெல்லிய உறைகளில் நல்லவை விலை அதிகம்.

ஆயுட்கணக்கைப் படிக்கும் முறை

மேற்கூறிய 30 ஆண்டு என்பது கணக்கால் பெற்ற ஆயுளேயன்றி, அத்தனை ஆண்டு கூரைமேல் வைத்துக் கண்டதன்று. இத்தகைய துரித சோதனைகள் அவசியமானவையே. எனினும், உஷ்ணம், ஈரம், உப்பு, இரவு பகல் மாறுதல் ஆகிய யாவும் சேர்ந்து செய்யும் கேட்டை ஒரே சோதனையில் காண்பது அரிது. வியாபாரத்திற்கு வரும் தகடுகளுக்கென ஐ.இ.சி. 61215 என்னும் சர்வதேசச் சோதனை முறை உண்டு. அதில் தகட்டை 85 டிகிரி உஷ்ணத்திலும் நூற்றுக்கு 85 ஈரப்பதத்திலும் 1,000 மணி நேரம், அதாவது சுமார் 42 நாள் வைத்து எடுக்கின்றனர். கடற்கரைக்குரிய உப்புக்காற்றுச் சோதனை ஐ.இ.சி. 61701 எனப்படும்.

உஷ்ணத்தால் கேடு கரிமக் கலத்திற்கு மட்டுமே என்று எண்ணலாகாது. மும்பை ஐ.ஐ.டி.யிலுள்ள தேசிய ஒளிமின்னழுத்த ஆராய்ச்சி மையமும், குருகிராமுக்கு அருகேயுள்ள தேசிய சூரிய சக்தி நிறுவனமும் 2013-ஆம் ஆண்டு முதல் சில தடவை நாடெங்கும் சென்று தகடுகளைச் சோதித்தன. குளிர்ந்த பிரதேசங்களிலுள்ளவற்றைவிட உஷ்ணப் பிரதேசங்களிலுள்ளவையும், தரையில் நிறுத்தியவற்றைவிடக் கூரைமேல் வைத்தவையும் விரைந்து தேய்ந்திருந்தன. பழகித் தேர்ந்த சிலிக்கனுக்கே இந்நிலையாயின், புதிய பொருளிடத்தில் நாம் எவ்வளவு எச்சரிக்கையாயிருக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

ஒரு சிறு கணக்கால் ஆயுளின் முக்கியத்தை அறியலாம். நாளொன்றுக்கு 5 மணி நேரம் முழு வெயில் என்று கொள்வோம். நூற்றுக்கு 20 திறனுள்ள ஒரு சதுர மீட்டர் தகடு நாளைக்கு 1 யூனிட் தரும்; ஆண்டிற்கு 365 யூனிட். அது 3 ஆண்டில் பழுதானால் மொத்தம் 1,095 யூனிட். நூற்றுக்கு 12 திறனே உள்ள மற்றொன்று ஆண்டிற்கு 219 யூனிட்தான் தரும். ஆனால் 10 ஆண்டு நிலைத்தால் மொத்தம் 2,190 யூனிட். திறனில் தாழ்ந்தது பயனில் இருமடங்காயிற்று. விதை வாங்கும்போது முளைப்புத்திறனை மட்டும் பாராமல், வறட்சியையும் நோயையும் தாங்குமா என்று விசாரிப்பதைப் போன்றதே இது.

பயிர்த்தொழிலுக்கு ஆகும் பயன்

கரிமக் கலத்தின் திறன் குறைவு, கிணற்றுப் பம்புக்கு ஒரு தடையே. 5 குதிரைச் சக்தி பம்புக்குச் சுமார் 4,800 வாட் தகடு வேண்டும். நூற்றுக்கு 20 திறனாயின் 24 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 260 சதுர அடி பரப்புப் போதும். திறன் 10 ஆயின் 520 சதுர அடி வேண்டும். ஆகையால் பம்புக்குச் சிலிக்கனே சிலாக்கியமானது.

பசுமைக்குடிலில் நிலைமை வேறு. பயிர், கண்ணுக்குப் புலனாகும் வெளிச்சத்தையே, அதிலும் நீலத்தையும் சிவப்பையும் மிகுதியாக, உணவு தயாரிக்கப் பயன்படுத்துகிறது. சிவப்புக்கு அப்பாலுள்ள கிரணம் பயிருக்கு உணவாகாது. குடிலைச் சூடாக்க மட்டுமே செய்யும். ஒய்-6 போன்ற பொருள்கள் அக்கிரணத்தையும் கிரகிக்க வல்லவை. ஆகவே பயிருக்கு வேண்டிய வெளிச்சத்தின் பெரும்பகுதியை உள்ளே விட்டு, மற்றதை மின்சாரமாக்கும் கூரையை அமைக்க இடமுண்டு. அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தார், கரிமக் கலத்தின் வழியே வரும் வெளிச்சத்தை ஒத்த ஒளியில் சிவப்பு லெட்டூஸ் கீரையை வளர்த்து, விளைச்சல் குறையவில்லை என்று 2021-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நமது தக்காளிக்கும் குடைமிளகாய்க்கும் நமது வெயிலில் சோதித்துப் பார்த்த பின்னரே இங்கு சிபாரிசு செய்ய இயலும்.

நொச்சிக்குப்பம் போன்ற இடங்களில் கனம் தாங்காத ஓட்டுக் கூரை, ஓலைக் கூரைகளுக்கும், படகில் ஏற்றும் சிறு விளக்குகளுக்கும், கருவாட்டை மூடிய பெட்டியில் உலர்த்தும்போது காற்றோட்டம் தரும் சிறு விசிறிகளுக்கும் எடையற்ற தகடு ஏற்றதாகும். ஈயும் மணலும் படாத கருவாடு நல்ல விலை பெறும். ஆனால் உப்புக்காற்றில் ஒரு பருவம்கூட நில்லாத தகட்டை மலிவென்று வாங்குவது, கைமுதலைக் கடலில் போடுவதாகும்.

குடியானவர்கள் இப்போது செய்யவேண்டியவை

1. பம்புசெட்டுக்குத் தகடு தேவைப்படுவோர் கரிமத் தகட்டை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. ஐ.எஸ். 14286 தரத்திற்குட்பட்ட சிலிக்கன் தகடே இன்றைக்கு ஏற்றது. கடலோரத்தவர் உப்புக்காற்றுச் சோதனைச் சான்றையும் கேட்டுப் பெறவேண்டும்.

2. தகட்டைக் கூரையோடு ஒட்டிப் பொருத்தலாகாது. அடியில் காற்று தாராளமாய்ச் செல்ல ஓரடி அளவேனும் இடைவெளி விட்டால் உஷ்ணம் தணியும், ஆயுளும் நீடிக்கும்.

3. தூசியையும் உப்புப் படிவையும் நல்ல தண்ணீரால் அதிகாலையில் கழுவுக. நடுப்பகலில் சூடேறிய கண்ணாடிமேல் குளிர்ந்த நீரை ஊற்றலாகாது.

4. சுருட்டும் தகடு என்று யாரேனும் விற்க வந்தால் மூன்று கேள்விகள் கேட்கவேண்டும். திறனை எவ்வளவு பெரிய தகட்டில் அளந்தீர்கள்? எந்த உஷ்ணத்தில், எத்தனை மணி நேரம் வைத்துச் சோதித்தீர்கள்? திறன் ஐந்தில் நான்கு பங்காகக் குறைய எத்தனை ஆண்டாகும் என்று எழுத்தில் உறுதி தருவீர்களா? விடை எழுத்தில் வராவிடில் வாங்கவேண்டாம். அமெரிக்காவில் இத்தகைய தகடுகளைச் செய்து புகழ்பெற்ற கொனார்க்கா கம்பெனி 2001-ஆம் ஆண்டில் தொடங்கி 2012-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. உறுதி கொடுத்தவர் பின்னர் இருப்பாரா என்பதையும் எண்ணிப் பார்த்தல் நலம்.

5. பசுமைக்குடில் வைத்திருப்போர், குடிலின் ஒரு சிறு பகுதியில் மட்டும் புதுக் கூரையை அமைத்து, பக்கத்துப் பாத்தியோடு விளைச்சலை ஒப்பிட்டுப் பார்த்தபின் விரிவாக்கலாம்.

நாற்பதாண்டுகளுக்குள் நூற்றுக்கு 1 என்ற நிலையிலிருந்து 20 வரை வளர்ந்த இக்கலம், உஷ்ணத்தையும் வெல்லும் நாள் வரக்கூடும். ஒரு தகட்டை நொச்சிக்குப்பத்தைப் போன்றதொரு கடலோரக் கூரையில் மூன்று கோடையும் மூன்று ஐப்பசி மழையும் வைத்து, மாதந்தோறும் மின்சாரத்தை அளந்து, அக்கணக்கை யாவரும் காண வெளியிட்டால், அதுவே குடியானவர் நம்பத்தக்க சான்றாகும்.